கேட்டுப் போட்ட கிடை

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். கல்யாணப் பந்தியில் இலை காலியாகி ஈ மொய்த்தாலும் சோறு போடு என்று வாய் திறக்க மாட்டார். பஸ்ஸில் ஏறினால் இது எங்கே போகிறது என்று கேட்க மாட்டார். ஒருதரம் திண்டிவனத்துக்குப் புறப்பட்டவர் பாண்டிச்சேரியில் போய் இறங்கி, அங்கே இருக்கிற என் சித்தியைப் பார்க்கத்தான் வந்தவர்போல இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். பேர் கண்ணாயிரம். புருஷன் பேரை நான் சொல்லக் கூடாதுதான். சொல்லாவிட்டால் யாரைத் திட்டுகிறேன் என்று உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

அவரை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. அது அவர்கள் வகையறாவுக்கே உள்ள வியாதி. கிடைக்காரன் கேட்கக் கூடாது என்பது அவர்களுக்குச் சட்டம்.

கிடை என்றால் வேறொன்றுமில்லை. அறுப்பு முடிந்து சும்மா கிடக்கிற நிலத்தில் செம்மறி ஆடுகளை இரவில் படுக்க வைப்பது. படுத்த இடத்தில் புழுக்கையும் மூத்திரமும் விழுந்து நிலத்துக்கு எருவாகும். பகலில் ஆடு மேயப் போகும், பொழுது சாய்ந்தால் அதே நிலத்தில் அடுத்த பாகத்தில் வந்து படுக்கும். ஒருவர் நிலம் முடிந்தால் இன்னொருவர் நிலம். நிலத்துக்காரர் எங்களுக்கு ராத்திரிச் சோறு போட்டு, முடிகிறபோது நெல் அளந்து அனுப்புவார். தை அறுப்பு முடிந்ததும் மரக்காணத்து உப்பளங்களை ஒட்டி இருக்கிற எங்கள் பட்டியிலிருந்து புறப்பட்டு, ஊர் ஊராக வானூர் வரைக்கும் போய், ஆடி மாதம் திரும்புவோம். என் மாமனார் காலத்திலும் அதுதான், அவருக்கு முந்தின காலத்திலும் அதுதான்.

ஆனால் நாங்களாகப் போய் இறங்கக் கூடாது. நிலத்துக்காரர் வெற்றிலை பாக்கும் ஒரு தேங்காயும் எடுத்துக்கொண்டு எங்கள் பட்டிக்கு நேரில் வர வேண்டும். வந்து, ‘எங்க நெலத்துக்கு வாங்க கோனாரே’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் ஆடு கிளம்பும். கேட்டுப் போட்ட கிடை எருவாகாது என்று அவர்கள் வீட்டில் ஒரு பேச்சு. லட்சுமியைத்தான் அழைப்பார்கள், லட்சுமி வீடு வீடாகப் போய் இடம் இருக்கிறதா என்று கேட்பாளா என்பார்கள். எங்கள் வீட்டு லட்சுமி கட்டியிருந்த புடவையில் எத்தனை ஒட்டு என்று எனக்குத்தான் தெரியும்.

இப்படி இருக்கும்போது யூரியா வந்தது. முதல்தரம் அதைப் பார்த்தபோது எங்கள் உப்பளத்து உப்பைத்தான் சாக்கில் கட்டி வயலுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்தேன். அதே வெள்ளை, கையில் எடுத்தால் அதே நறநறப்பு. உப்பைக் கொட்டினால் பயிர் கருகும் என்பது இந்தக் கரையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இதைக் கொட்டினாலோ ஐ.ஆர். எட்டு நெல் கறுகறுவென்று வளர்ந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒன்றும் விளங்கவில்லை. விளங்கின ஒன்றே ஒன்று, வருஷா வருஷம் எங்கள் பட்டிக்கு வருகிற வெற்றிலை குறைந்தது. எழுபத்து மூணாம் வருஷம் இரண்டு பேர்தான் வந்தார்கள். அதில் ஒருவர் அப்பாதுரைக் கவுண்டர். எங்கள் கிடை எப்போதும் முதலில் இறங்குவது அவர் நிலத்தில்தான். ஐப்பசி மழையில் அவரும் காலமாகிவிட்டார்.

நான் சொல்லப்போவது எழுபத்து நாலாம் வருஷத்துப் பங்குனி. தை போயிற்று, மாசி போயிற்று. ஒருவரும் வரவில்லை. ஆடுகள் உப்பள வரப்பு ஓரத்தில் முளைக்கிற உமரியைக் கடித்துக்கொண்டு நின்றன. உமரிப் பூண்டு வாய்க்கு உப்புக் கரிக்கும், வயிற்றுக்கு நிற்காது. மடி வற்றிக் குட்டிகள் முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தும். நான் உப்பளத்தில் கூடை சுமக்கப் போனேன். உப்புத் தண்ணீரில் நின்று பாதத்தில் பிளவு விழுந்தது. என் வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று கேளுங்கள். தினமும் காலையில் பட்டியைப் பெருக்கினார். துவைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மேற்கே இருந்து வருகிற வண்டிப் பாதையைப் பார்த்து உட்கார்ந்தார். வெற்றிலையோடு யாராவது வந்தால் அழுக்குத் துண்டோடு இருக்கக் கூடாதாம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது இவருக்குப் பொருந்தாது. கூழ்மேல் ஆசை இருப்பதாகக்கூட அவர் காட்டிக்கொள்ளவில்லை.

வெற்றிலை வரவில்லை. சிங்காரம் வந்தான். மெட்ராஸ் ஆட்டு வியாபாரி. பாலியெஸ்டர் சட்டை, கையில் ஒரு டப்பா சிவப்புச் சாயம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அவனும் எங்கள் ஆடுகளைத் தடவித் தடவி, எலும்பாப் போச்சே, பாவமே என்று உருகினான். மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். மெட்ராஸில் கொஞ்சம் வெட்டுக்குப் போகுமாம், மீதி கப்பலேறி அரபு நாட்டுக்குப் போகுமாம். அங்கே இப்போது பணம் கொழிக்கிறதாம், நம் ஊர் ஆட்டுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறார்களாம். செம்மறி ஆடு கப்பலில் எப்படி நிற்கும், வாந்தி எடுக்காதா என்று எனக்கு ஒரு கவலை. என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அது வாக்கு. சிங்காரம் ஒவ்வொரு ஆட்டின் முதுகிலும் சிவப்பாக ஒரு கோடு இழுத்தான். வெள்ளிக்கிழமை காலையில் லாரி பாண்டி ரோட்டில் நிற்கும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

குட்டி முதல் கிழடு வரை எல்லாம் போகப் போகிறது. என் தாய்வீட்டிலிருந்து நான் ஓட்டிக்கொண்டு வந்த ஒரு ஆட்டின் வழியில் வந்தவையே அதில் பாதி இருக்கும். என் பெண்ணைக் கட்டிக் கொடுத்த அன்றுகூட நான் இவ்வளவு அழவில்லை. ஆனால் வாயைத் திறந்து என்ன சொல்வது? தீனி இல்லாத ஆட்டை வைத்துக்கொண்டு நான் மட்டும் என்ன செய்துவிடப் போகிறேன்?

செவ்வாய்க்கிழமை உப்பளத்தில் என்னோடு கூடை சுமக்கிற பாப்பாத்தி ஒரு சேதி சொன்னாள். அவள் அப்பாதுரைக் கவுண்டர் ஊர்க்காரி. கவுண்டரின் மகன் தேசப்பன், கிடை போட எங்கள் ஆட்டைக் கூப்பிட்டுவிட்டிருக்கிறானாம். ரோட்டோர டீக்கடையில் சொல்லி வைத்திருக்கிறானாம், இன்னும் நாங்கள் வரவில்லையே என்று கேட்டானாம். நான் கூடையை அப்படியே உப்பு அம்பாரத்தின் மேல் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மேஸ்திரி பின்னால் கத்தினார். கத்தட்டும் என்று விட்டேன்.

மூச்சு வாங்கச் சேதியைச் சொன்னால், இவர் துளிகூட அசையவில்லை. அவருக்கு முன்னமே தெரியுமாம். டீக்கடைக்காரன் ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டானாம். எனக்கு வந்த கோபத்தில் கையில் என்ன இருந்தாலும் வீசியிருப்பேன். நல்லவேளை ஒன்றும் இல்லை.

“ஞாயித்துக்கிழமையே தெரியும்னா ஏன்யா குந்திக்கினு இருக்க?” என்று கேட்டேன்.

“ஆள் வந்தானா? வெத்தலை வந்துச்சா? டீக்கடையில சொல்லி அனுப்புனா ஓடறதுக்கு நான் இன்னா களை வெட்ற ஆளா?”

“வெள்ளிக்கெழமை லாரி வருது.”

“வரட்டும்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வயலுக்கு ஓட்டினால் ஆடு பிழைக்கும். லாரியில் ஏற்றினால் சாகும். பிழைக்க வைக்க வெற்றிலை வேண்டுமாம், சாகக் கொடுக்க ஒன்றும் வேண்டாமாம். அதைத்தான் கேட்டேன். “வெத்தலை இல்லாம வயலுக்கு அனுப்ப மாட்ட, வெட்டுக்கு மட்டும் அனுப்புவியா?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்: “வெட்டுக்குன்னு அவன் நம்மளத் தேடி வந்து கேட்டான்டி. அவனாவது நேர்ல வந்தான்.”

இதற்கு மேல் இவரிடம் பேசி என்ன? சட்டப்படி பார்த்தால் அவர் சொல்வதும் சரிதான். எந்தச் சட்டம், எதற்காக ஏற்பட்ட சட்டம் என்று பார்த்தால் தலை சுற்றுகிறது. அவர் தாத்தாவுக்கு மரியாதை சேர்த்த பழக்கம், இன்றைக்கு ஆட்டைக் கசாப்புக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போகிறது. அதை அவரே துவைத்த துண்டு போட்டுக்கொண்டு ஓட்டுகிறார். ஒரு குடம் தண்ணீர் குடித்துவிட்டு, புதன்கிழமை விடிந்ததும் நான் மட்டும் மேற்கே நடந்தேன்.

தேசப்பன் நல்ல பையன்தான். அவன் மனைவி தெய்வநாயகி உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். ஆனால் அவன் முகத்தில் தூக்கம் இல்லை. சித்திரையில் நடுகிற சொர்ணவாரிப் பட்டத்துக்கு உழ வேண்டிய நேரம், உரம் இல்லை. வானூர் கூட்டுறவு சொசைட்டியில் நாள் முழுக்க நின்றாலும் ‘ஸ்டாக் இல்லை’ என்கிறார்களாம். கிடைக்கிற மூட்டைக்கு விலை எங்கேயோ போய்விட்டதாம். உரம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவன் சொன்னதில் எனக்கு ஏறினது இவ்வளவுதான். அரபு நாட்டுப் பக்கம் ஏதோ சண்டை. அதில் கோபம் வந்து, அந்த ஊர்க்காரர்கள் பூமியிலிருந்து எடுக்கிற எண்ணெயை அடக்கி, விலையை ஏற்றிவிட்டார்கள். எண்ணெய் ஏறினதால் யூரியா நின்றுபோயிற்று.

மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் நானும்தான் வரிசையில் நிற்கிறேன், அதனால் எண்ணெய் ஏறினதுவரைக்கும் ஒத்துக்கொண்டேன். எண்ணெய்க்கும் பயிருக்கும் என்ன சம்பந்தம்? எண்ணெய் சிந்தின இடத்தில் புல்கூட முளைக்காதே. அதிலிருந்துதான் யூரியா செய்கிறார்களாம் என்றான். உப்பு மாதிரி வெள்ளையாக இருப்பதைக் கறுப்பு எண்ணெயிலிருந்தா செய்கிறார்கள் என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். அப்படித்தான் சொசைட்டி வாசலில் பேசிக்கொண்டார்களாம், அவனுக்கும் சரியாக விளங்கவில்லையாம். தெய்வநாயகி உள்ளேயிருந்து, “இவருக்கு விளங்கியிருந்தா நான் கோயிலுக்கு நேந்துக்கறேன்” என்றாள்.

நான் மோரைக் குடித்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரபுக்காரர் எண்ணெயை அடக்கினார், அதனால் யூரியா நின்றது, அதனால் தேசப்பனுக்கு என் ஆடு வேண்டும். அதே அரபுக்காரருக்கு எண்ணெயில் பணம் கொழித்தது, அதனால் அவருக்கும் என் ஆடு வேண்டும். ஒருவர் ஆட்டின் புழுக்கையைக் கேட்கிறார், இன்னொருவர் ஆட்டையே கேட்கிறார். அந்த முகம் தெரியாத மனிதர் எனக்கு நல்லது செய்கிறாரா, குடியைக் கெடுக்கிறாரா? அப்படி ஒரு பெண்பிள்ளை உப்பளத்தில் கூடை சுமக்கிறாள் என்பதாவது அவருக்குத் தெரியுமா? யோசிக்க யோசிக்க மோர் புளித்துப்போனதுதான் மிச்சம்.

வந்த விஷயத்துக்கு வந்தேன். தம்பி, எங்கள் வீட்டுக்காரர் ஒரு மாதிரி, ஒரு வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு நேரில் வந்து ஒரு வார்த்தை கூப்பிட்டுவிடு என்றேன். வெற்றிலையா, எதற்கு என்று அவன் நிஜமாகவே விழித்தான். அப்பா வருஷா வருஷம் மரக்காணம் போய் வந்தது தெரியுமாம், வெற்றிலை கொண்டுபோனது தெரியாதாம். யாரும் சொல்லவில்லையாம். சொன்ன பிறகு, அதற்கென்ன, வந்துவிட்டால் போகிறது என்றான். ஆனால் நாளைக்கும் மறுநாளும் சொசைட்டி வாசலை விட்டு நகர முடியாது, வரிசையில் இடம் போய்விடும், சனிக்கிழமை வருகிறேன் என்றான்.

சனிக்கிழமை வெறும் பட்டிக்குத்தான் வெற்றிலை வைக்க வேண்டும்.

எழுந்து நின்றேன். இத்தனைக்கும் நான் அந்த வகையறாவில் பிறந்தவள் இல்லை, கட்டிக்கொண்டு வந்தவள். என் தாய்வீட்டில் உப்பு, புளி, கைமாற்று எல்லாம் கேட்டு வாங்கித்தான் பழக்கம். இருந்தும் வாசல்வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். தூணைப் பிடித்துக்கொண்டேன். தெய்வநாயகி, ஏன்க்கா, மயக்கமா வருதா என்று கேட்டாள்.

“தேசப்பா, நானே கேக்கறேன். உங்க நெலத்துல எங்க கிடையப் போட்டுக்கட்டுமா?”

அவன் சிரித்துவிட்டான். “இதத்தானேக்கா நான் டீக்கடையில சொல்லி அனுப்புனேன்” என்றான். அவனுக்கு அதில் ஒன்றுமே இல்லை. எனக்கு ஏதோ ஒரு சாமியின் முகத்தில் எச்சில் துப்பிவிட்டு வந்ததுபோல இருந்தது. வழியெல்லாம் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்க முடியும் என்று கேட்காதீர்கள். இருந்தது.

வீட்டுக்கு வந்து, நான் கேட்டுவிட்டேன் என்று ஒரே வார்த்தையாகச் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். திட்டுவார் என்றாவது எதிர்பார்த்தேன். அவர் துண்டை எடுத்து மடித்துக் கொடியில் போட்டார். அந்த ராத்திரியும் மறுநாள் முழுக்கவும் பேசவில்லை, கூழ் கரைத்து வைத்தால் தொடவில்லை. அவருக்கு, சாயம் பூசின ஆடு சிங்காரத்துக்குக் கொடுத்த வாக்கு. எனக்கு, அது தேசப்பன் நிலத்துக்குக் கொடுத்த வாக்கு. ஒரே ஆட்டுக்கு இரண்டு வாக்கு.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நான் பட்டியின் படலைத் திறந்தேன். கிடை கிளம்பினால் புருஷன் முன்னே போவார், ஆடு அவர் பின்னே போகும், பெண்டாட்டி குட்டிகளையும் சட்டி பானையையும் தூக்கிக்கொண்டு கடைசியில் போவாள். அன்றைக்கு அவர் எழுந்திருக்கவில்லை. சுவரில் சாத்தியிருந்த அவருடைய துரட்டிக் கோலை நான் எடுத்துக்கொண்டு, அவர் எப்படி நாக்கைச் சுழற்றிக் கூப்பிடுவாரோ அதேபோல கூப்பிட்டுப் பார்த்தேன். ஆடுகள் அவரைப் பார்த்தன, என்னைப் பார்த்தன. பசி யாரை மதிக்கும்? என் பின்னால் வந்துவிட்டன. உப்பள வரப்பில் பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் அவர் வருவது தெரிந்தது. நடக்க முடியாத இரண்டு குட்டிகளைத் தோளுக்கு ஒன்றாகப் போட்டிருந்தார்.

மேற்கே போகிற வண்டிப் பாதைக்குப் பாண்டி ரோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே லாரி நின்றது. எங்களைப் பார்த்ததும் சிங்காரம், ஆட்டை ஏற்றத்தான் ஓட்டி வருகிறோம் என்று நினைத்து, லாரியின் பின்கதவை இறக்கிப் பலகை போட்டான். ‘நேரத்துக்கு வந்துட்டீங்களே’ என்று வாயெல்லாம் பல். இது ஏற்ற வரவில்லை, கிடைக்குப் போகிறது என்றேன். அவன் என்னோடு பேச விரும்பவில்லை. எனக்குப் பின்னால் வருகிறவரைப் பார்த்துக் கத்தினான்.

“இன்னா கோனாரே இது? வாக்குக் குடுத்துட்டுப் பொம்பளைய முன்னால வுட்டுட்டு வர்றீங்க?”

ஆடுகள் ரோட்டின் நடுவில் நின்றன. பலகைக்குப் பக்கத்தில் இரண்டு ஆடுகள் மோந்து பார்த்துக்கொண்டு இருந்தன. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை, ‘ஏத்து’ என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் ஆடுகளுக்கு நடுவே வந்து நின்றார். சிங்காரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. முகம் வெளிறிக் கிடந்தது. வாழ்க்கையில் கொடுத்த வாக்கை அவர் தவறவிட்டதில்லை. அப்புறம் தோளில் கிடந்த குட்டிகளை ஏற்றிப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி லாரியைத் தாண்டி நடந்தார். பலகையை மோந்துகொண்டிருந்த ஆடுகளும் அவர் பின்னே போயின. சிங்காரம் எங்கள் ஏழு தலைமுறையையும் திட்டினான். ஆடு வாங்க வந்தவன் அத்தனை வார்த்தை வைத்திருப்பான் என்று நான் நினைக்கவே இல்லை.

தேசப்பன் நிலத்தில் கிடை இறங்கியது. என் வீட்டுக்காரர் வேலையில் குறை வைக்கவில்லை. படல் வளைத்தார், இடம் மாற்றினார், நரி வராமல் காவல் இருந்தார். தெய்வநாயகி அனுப்புகிற சோற்றை மட்டும் தொடவில்லை. நான் சோற்றைத் தின்றேன், அவர் கையில் கட்டிக் கொண்டுவந்த கேழ்வரகு மாவைத் தனியாகக் கரைத்துக் குடித்தார். ஒரே கிடையில் இரண்டு அடுப்பு. ஆடுகள் அறுப்புத் தாளைக் கடித்து, வரப்புப் புல்லைக் கடித்து, மெல்ல வயிறு திரண்டன. தேசப்பன் காலையில் வந்து புழுக்கையைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்ப்பான். இந்த மண் யூரியாவுக்குப் பழகி, சாராயத்துக்குப் பழகின ஆள் மாதிரி ஆகிவிட்டது, இனிமேல் வருஷா வருஷம் நீங்கள் வர வேண்டும் என்று சொல்வான். நான் பூரித்துப்போவேன். காலம் திரும்பிவிட்டது என்றே நம்பினேன்.

நிலத்தில் பாதிதான் முடிந்திருக்கும். ஒருநாள் மத்தியானம் அவன் சைக்கிளில் வேகமாக வந்தான். சொசைட்டிக்கு லாரி வந்துவிட்டதாம். அவனுக்கு மூட்டை கிடைத்துவிட்டதாம். முகத்தில் சந்தோஷமும் இருக்கிறது, எங்களைப் பார்க்கக் கூச்சமும் இருக்கிறது. மீதிப் பாதியை உடனே உழுது யூரியா போட்டாக வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதே அக்கா என்றான். நின்ற கிடையைப் பாதியில் கிளப்பினதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. நெல் மட்டும் முழுசாக அளந்தான். அரபுக்காரர் எண்ணெயைத் திறந்துவிட்டாரா என்று கேட்டேன். தெரியவில்லை அக்கா, இன்றைக்கு வந்தது, நாளைக்கு வருமா என்பதும் தெரியவில்லை என்றான். அவனை எதற்காகத் திட்டுவது? எனக்காவது ஆடு கண் முன்னால் நிற்கிறது, அவனுக்கு அந்த மூட்டை எங்கிருந்து வருகிறது என்பதே தெரியாது.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். திரும்பிப் போனால் உமரி. சிங்காரம் இனி வர மாட்டான், வந்தாலும் அடிமாட்டு விலைதான் கேட்பான். என் வீட்டுக்காரர் மதகுக் கட்டையில் உட்கார்ந்தார். “இப்ப இன்னா பண்றது?” என்றார். பத்து நாளாக என்னோடு பேசாதவர். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். வேறு யாரும் அங்கே இல்லை.

நான் துரட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன். தெற்கே போகப் போக ஊர் ஊராகக் கேட்டேன். கிணற்றடியில் கேட்டேன், மளிகைக்கடையில் கேட்டேன், ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவரை வரப்பில் நின்று கூப்பிட்டுக் கேட்டேன். யூரியா கிடைத்தவர்கள் வேண்டாம் என்றார்கள். கிடைக்காதவர்களில் சிலர் நாளைக்குக் கிடைத்துவிடும் என்றார்கள். ஆரோவில் பக்கம் செம்மண் மேட்டில் வெள்ளைக்காரர்கள் சிலர் வெயிலில் குழி தோண்டி மரக்கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை செய்கிற நம் ஊர் ஆளை வைத்துக் கேட்டேன். எரு எத்தனை கூடை இருந்தாலும் கொண்டு வா, ஆட்டை மட்டும் வேலிக்குள் விட்டுவிடாதே என்று சொல்லச் சொன்னார்கள். கன்றைக் கடித்துவிடுமாம், அதுவும் நியாயம்தான். எரு வேண்டும், ஆடு வேண்டாம். ஏழு கடல் தாண்டி வந்து இங்கே எதற்கு மரம் வைக்கிறார்கள் என்று அந்த ஆளைக் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை, கூலி ஒழுங்காகக் கொடுக்கிறார்கள் என்றான்.

வானூருக்கு முன்னால் ஒரு ஊரில், வேர்க்கடலை பிடுங்கின கொல்லை ஒன்றில் இடம் கிடைத்தது. கொல்லைக்காரர் வயசானவர், வீட்டில் கலந்துகொண்டு வருகிறேன் என்று போனார். நான் கேட்டபோது பிடித்துக்கொள்ளத் தூண் தேடவில்லை. எத்தனையாவது தரமோ, பழகிவிட்டது. அப்படிப் பழகினதை நினைத்தபோதுதான் உள்ளே எதுவோ வலித்தது. கேட்டுப் போட்ட கிடை எருவாகாது என்றார்களே, தேசப்பன் நிலத்தில் நாங்கள் படுத்த பாதி விளையுமா விளையாதா? பழக்கத்தை விட்டு ஆட்டைக் காப்பாற்றினேன். பழக்கம் போன பிறகு இது அவர்கள் கிடைதானா, இல்லை வாடகைக்கு ஆடு கொண்டுபோகிற வேறு ஏதோ தொழிலா? யாரைக் கேட்பது? எதையும் கேட்கத் தெரிந்த எனக்கு இதை மட்டும் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

கொல்லைக்காரர் திரும்பி வந்தார். நான் குட்டிகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னைவிட்டு, ஓரமாக நின்றிருந்த என் வீட்டுக்காரரிடம் போய், ஆம்பளையிடம் பேசுகிற தோரணையில், “யாரு கிடைப்பா இது? உன்னுதா?” என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் துரட்டியைப் பார்த்தார். அது இன்னும் என் கையில்தான் இருந்தது.

“இவளுதுங்க” என்றார்.

கொல்லைக்காரர் கேலி என்று நினைத்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எந்த மூலையிலிருந்து தொடங்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார். எனக்குக் காதெல்லாம் சூடேறியது. கிட்டப் போய், ஏன்யா அப்படிச் சொன்னே, என்னை அசிங்கப்படுத்தறியா என்று கேட்டேன்.

“இல்ல. எனக்குன்னா அவங்க வந்து கூப்புட்டிருக்கணும். வரல. நீதான் கேட்டு வாங்கினு வந்த. அப்ப உன்னுதுதான்.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எனக்குக் கொடுத்தாரா, என்னிடம் தள்ளிவிட்டாரா? என்னோடு இருக்கிறாரா, விலகிக்கொண்டாரா? அவர் முகத்தில் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆடு எனக்குச் சொந்தமாகிவிட்டது என்றா, அவர் வெறும் ஆளாகிவிட்டார் என்றா தெரியாமல் அழுதேன்.

அவர் குனிந்து, பின்தங்கி நின்ற குட்டிகளைத் தூக்கினார். சட்டி பானையையும் எடுத்துக்கொண்டார். பெண்டாட்டி நிற்கிற இடத்தில், ஆடுகளுக்குப் பின்னால், போய் நின்றார். நான் முன்னே போவதற்காகக் காத்திருந்தார்.